இமைக்கு மேலே கொஞ்சம் தோல்

அன்று மதியம் நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பாகப்பிரிவினை வழக்கு. எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு பழைய பத்திரத்தைப் பற்றி நீளமாக ஆட்சேபம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்து குறிப்பேட்டைப் பார்த்தபடி, அவர் பேச்சில் எந்த இடத்தில் பிடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீதிபதி கையைக் காட்டி அவரை நிறுத்தச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“மேடம், உடம்புக்கு முடியலையா? வேணும்னா வாய்தா போட்டுக்கலாம்.”

அவர் அக்கறையாகத்தான் கேட்டார். நான் எழுந்து, “நல்லாத்தான் இருக்கேன் ஐயா, தொடரலாம்” என்றேன். எதிர்த்தரப்பு வக்கீல் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. சிரிக்காமலும் இருந்திருக்கலாம். அன்று குறுக்கு விசாரணையை நான் நன்றாகவே செய்தேன். ஆனால் வெளியே வந்ததும் என் குமாஸ்தா, பதினைந்து வருடமாக என்னோடு இருப்பவர், தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்.

“நம்ம கட்சிக்காரர் கேட்டாரு மேடம். அம்மாவுக்கு ராத்திரி தூக்கமே இல்லையோன்னு.”

“நீங்க என்ன சொன்னீங்கண்ணே?”

“கேஸுக்காகப் படிச்சிருப்பாங்கன்னு சொன்னேன்.”

நான் இரவு பத்து மணிக்கே தூங்குகிறவள். ஆனாலும் இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. நாற்பத்தைந்தைத் தாண்டியதிலிருந்து யாராவது கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். அழுதீங்களா, தூங்கலையா, சளி பிடிச்சிருக்கா, சுகர் இருக்கா. இப்போது ஐம்பத்தொன்று. என் கண்ணின் மேல்இமையில் தோல் தளர்ந்து, மடிப்பு மடிப்பாக இறங்கி, இமை மயிரைத் தொட்டுக்கொண்டு நிற்கும். கீழே இரண்டு சின்னப் பைகள். வழக்கறிஞராகப் பதிவு செய்தபோது எடுத்த போட்டோவிலேயே அதன் ஆரம்பம் தெரியும். இருபத்தாறு வருடத்தில் அது வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்த வாரம் போனில் தேடினேன். இமைத் தோலை எடுக்கும் அறுவை சிகிச்சை என்று ஒன்று இருப்பது எனக்கு முன்பே தெரியும். சினிமாக்காரர்கள் செய்துகொள்வது என்று நினைத்திருந்தேன். பார்த்தால் மதுரையிலேயே செய்கிறார்கள். அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. முன் படத்தில் எல்லோரும் வெளிச்சம் குறைந்த அறையில் சோகமாக இருந்தார்கள். பின் படத்தில் எல்லோரும் உதட்டுச்சாயம் பூசியிருந்தார்கள். சாட்சியங்களைப் பார்த்தே பிழைப்பவள் என்பதால் அந்தப் படங்களை நான் நம்பவில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

என் கணவர் அவனியாபுரத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். எங்கள் வீடும் அதே தெருவில்தான். மதியச் சாப்பாட்டுக்கு வந்தவரிடம், “கண் டாக்டர்கிட்ட போகணும். இமை தொங்கி பார்வையை மறைக்குது” என்றேன்.

“அப்ப உடனே காட்டிரு. வண்டி ஓட்டுறவ நீ” என்றார்.

அவ்வளவு எளிதாக முடிந்தது. பார்வையை மறைக்கிறது என்று சொன்னபோது அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. முழு உண்மை என்றும் தோன்றவில்லை. கோர்ட்டில் இப்படிப்பட்ட பதிலைச் சாட்சி சொன்னால் நான் விடமாட்டேன்.

அந்தச் சமயத்தில் அப்பாவுக்கும் கண் பரிசோதனை ஒன்று பாக்கி இருந்தது. அப்பா திருமங்கலத்துக்கு மேற்கே கிராமத்தில் இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. இன்னும் காட்டு வேலைக்குப் போய்வருகிறவர். இரண்டு வருடத்துக்கு முன் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. அப்படியும், “கண்ணாடி சரியில்லை, மாத்தணும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கண்ணாடியை மூன்று முறை மாற்றிவிட்டோம். சரி, ஒரே நாளில் இரண்டு பேரும் காட்டிக்கொள்ளலாம் என்று வரச் சொன்னேன். பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கினார். ஆட்டோ பிடித்து ஆற்றைத் தாண்டி, கோரிப்பாளையம் சிக்னலில் கால் மணி நேரம் நின்று, அதற்கு அப்பால் ஒரு சின்னக் கிளினிக்குக்குப் போனோம். இமை சிகிச்சைக்கென்று தனியாகப் படித்த பெண் டாக்டர். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும்.

டாக்டர் முதலில் என்னைக் கூப்பிட்டார். அப்பா கூடவே உள்ளே வந்து ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். வெளியே இருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“எது உங்களைத் தொந்தரவு பண்ணுது?” என்று டாக்டர் கேட்டார்.

“பார்வையை மறைக்குது.”

“எந்தப் பக்கம் மறைக்குது? மேலயா, சைடுலயா? வண்டி ஓட்டும்போதா, படிக்கும்போதா?”

நான் எப்படிக் கேட்பேனோ அப்படியே கேட்டார். “பொதுவா” என்றேன். அவர் முகத்தில் எதையும் காட்டாமல் எழுதிக்கொண்டார். பிறகு கேள்விகள் தொடர்ந்தன. சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, தைராய்டு பார்த்திருக்கிறீர்களா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா, காயம் பட்டால் தழும்பு தடித்துப்போகுமா, கண் உறுத்துமா, ஃபேன் காற்றில் கண்ணில் நீர் வருமா. கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றேன்.

கீழ்இமையின் உள்பக்கம் சின்னக் காகிதத் துண்டு ஒன்றைச் செருகி, கண்ணை மூடி ஐந்து நிமிடம் உட்காரச் சொன்னார்கள். கண்ணீர் எவ்வளவு சுரக்கிறது என்று காகிதம் நனைவதை வைத்துப் பார்ப்பார்களாம். என் காகிதம் பாதிகூட நனையவில்லை. அதன்பிறகு இருட்டறையில் ஒரு கருவிக்கு முன்னால் நாடியை வைத்து உட்கார்ந்தேன். எங்கெங்கோ பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வரும். தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். முதலில் இமையை அப்படியே விட்டு ஒரு முறை. பிறகு தொங்கும் தோலைத் தூக்கி பிளாஸ்திரி ஒட்டி இன்னொரு முறை. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டுக்கொண்டே அழுத்தினேன். தெரிந்த வெளிச்சத்தைத் தெரியவில்லை என்று விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. செய்யவில்லை.

நான் திரும்பி வந்தபோது டாக்டர் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, நீங்க எப்பவும் இப்படித்தான் உட்காருவீங்களா?”

அப்பா நாடியை மேலே தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கு வழியாகப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. அப்பா எப்போதும் அப்படித்தான். ஊரில் அவருக்கு மிடுக்குப் பிடித்தவர் என்று பெயர். பஞ்சாயத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுவார் என்று சொந்தக்காரர்கள் பெருமையாகவும் சொல்வார்கள், பொருமலாகவும் சொல்வார்கள்.

“கழுத்து வலிக்குமாய்யா?”

“அது இருக்குத்தா ஒரு அஞ்சாறு வருசமா. தைலம் தேய்ச்சுக்கிருவேன்.”

டாக்டர் பக்கத்தில் வந்து அப்பாவின் தலையை நேராகப் பிடித்தார். தலை நேரானதும் இமைத் தோல் கருவிழியின் பாதி வரை இறங்கி நின்றது. என் கண்ணில் இருப்பது அப்பாவிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் கண்ணை நான் இப்படி நேருக்கு நேர் பார்த்ததில்லை. டாக்டர் இரண்டு இமையையும் பிளாஸ்திரியால் தூக்கி ஒட்டினார். அப்பா மேலே பார்த்து, “அந்த டியூப்லைட்டு எப்ப போட்டாங்க?” என்றார்.

அது நாங்கள் வந்ததிலிருந்து எரிந்துகொண்டிருந்தது.

அப்பாவையும் அதே கருவியில் உட்கார வைத்தார்கள். பரிசோதனைத் தாளை டாக்டர் என்னிடம் காட்டினார். இமை தொங்கும்போது எடுத்த தாளில் மேல்பாதி கருப்பாக இருந்தது. இமையைத் தூக்கி ஒட்டி எடுத்ததில் அந்தக் கருப்பில் பெரும்பகுதி இல்லை. என் தாள்கள் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தன.

“உங்க அப்பாவுக்கு இது தேவை. இவ்வளவு நாள் கழுத்தை வச்சு சமாளிச்சிருக்கார்” என்றார் டாக்டர். “உங்களுக்குப் பார்வையில பிரச்சனை இல்ல. வேற காரணம் இருந்தா சொல்லுங்க. அதுவும் காரணம்தான். ஆனா என்னன்னு எனக்குத் தெரியணும்.”

அப்பா பிளாஸ்திரி ஒட்டிய கண்ணோடு அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குரலைத் தாழ்த்தி, “எல்லாரும் தூங்கலையா, அழுதீங்களான்னு கேக்கறாங்க. எனக்கு அது பிடிக்கல” என்றேன்.

அவர் ஒரு கைக்கண்ணாடியைக் கொடுத்து, என் முகத்தை எனக்கே விளக்கினார். களைப்பாகத் தெரிவதில் பாதி மேல்இமைத் தோலால், மீதி கீழே இருக்கும் பையாலும் கருவளையத்தாலும். மேல்தோலை எடுக்கலாம். அதிகம் எடுத்தால் கண் சரியாக மூடாது. என் கண் ஏற்கெனவே வறண்ட கண் என்பதால் குறைத்துத்தான் எடுக்க முடியும். கீழ்ப்பையை அவர் தொடமாட்டார். கருவளையத்துக்கு இந்த அறுவையால் பலன் கிடையாது. இரண்டு கண்ணும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் என்று உத்தரவாதமும் தரமாட்டார்.

“பண்ணிக்கிட்டா யாரும் கேக்க மாட்டாங்களா?” என்றேன்.

“அதை நான் எப்படிச் சொல்ல முடியும்? உங்க கண்ணு எப்படி இருக்கும்னு ஓரளவு சொல்லலாம். அடுத்தவங்க என்ன கேப்பாங்கன்னு சொல்ல முடியாது.” பிறகு, “மூணு மாசம் சொட்டு மருந்து போடுங்க. வறட்சி குறையட்டும். அதுக்குள்ள ஒண்ணு மட்டும் பாருங்க. மனசு சங்கடமா இருக்கிற நாள்ல எல்லாருக்கும் இது வேணும்னு தோணும். நல்லா இருக்கிற நாள்லயும் தோணுதான்னு பாருங்க” என்றார்.

திரும்பும் வழியில் ஆட்டோவில் அப்பா, “உனக்கு என்ன சொன்னாக?” என்று கேட்டார். “சொட்டு மருந்து” என்றேன். அதுவும் உண்மைதான்.

அப்பாவின் அறுவை சிகிச்சை முதலில் நடந்தது. இதயத்துக்காக அவர் எடுத்துக்கொண்டிருந்த மாத்திரை ரத்தத்தை உறையவிடாது என்பதால், அதை நிறுத்தலாமா, எத்தனை நாள் நிறுத்தலாம் என்று இதய டாக்டரிடம் எழுதி வாங்கி வர வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு நடை. அறுவைக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, அப்பாவோடு பேசிக்கொண்டே செய்தார்களாம். “எள்ளு வெதைப்பு பத்தி எம்புட்டு கேள்வி கேட்டுச்சு அந்தப் புள்ள” என்றார் வெளியே வந்து.

முதல் நாள் பரவாயில்லை. மூன்றாம் நாள் அவர் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனேன். இரண்டு கண்ணும் வீங்கி, கத்திரிக்காய் நிறத்தில் ரத்தம் கட்டி, கன்னம் வரை இறங்கியிருந்தது. யாரோ போட்டு அடித்த மாதிரி. எங்கள் வீட்டில்தான் வைத்திருந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐஸ் ஒத்தடம், தலையணையை உயர்த்திப் படுக்கை, தையல் ஓரத்தில் களிம்பு. கண் முழுதாக மூடாமல் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. டாக்டருக்குப் போன் செய்தேன். வீக்கம் இருக்கும்வரை அப்படித்தான், வலி கூடினாலோ பார்வை மங்கினாலோ உடனே கூட்டி வாருங்கள் என்றார். வலி கூடவில்லை. பார்வையும் மங்கவில்லை. ஆனால் அந்த மூன்று நாளில் எனக்கு இந்த வேலையே வேண்டாம் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். தேவையிருக்கிற மனிதருக்கே இம்புட்டு பாடு. தேவையில்லாதவள் ஏன் படவேண்டும்?

ஏழாம் நாள் தையலைப் பிரித்தார்கள். இரண்டு வாரத்தில் நிறம் மாறி, மஞ்சளாகி, மறைந்தது. அப்பா நாடியைக் கீழே இறக்கிவிட்டார். தானாகவே இறங்கிவிட்டது, அவருக்கே தெரியவில்லை. கழுத்துக்குத் தைலம் கேட்பதும் நின்றது. வேறு ஒரு தொந்தரவு வந்தது. எங்கள் வீட்டு மேற்கூரை மூலையில் ஒட்டடை இருக்கிறது, பரணில் தூசி இருக்கிறது, மின்விசிறி இறக்கை கருப்பாக இருக்கிறது என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்.

“வக்கீல் வீடு மாதிரியா இருக்கு இது? எம்புட்டு ஒட்டடை” என்றார் என் கணவரிடம்.

“இப்பத்தானே மாமா உங்களுக்குக் கண்ணு தெரியுது. நாளைக்கு அடிச்சிருவோம்” என்றார் இவர். அன்றே அடித்தார். அப்பா கீழே நின்று இடம் காட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா ஊருக்குப் போன பிறகு என் பாட்டுக்கு வேலையைப் பார்த்தேன். சொட்டு மருந்தைத் தவறாமல் போட்டேன். கண் உறுத்தல் குறைந்தது. யாராவது “தூங்கலையா” என்று கேட்டால், “எங்க குடும்பக் கண்ணு இப்படித்தான்” என்று சொல்லப் பழகிக்கொண்டேன். வேண்டாம் என்ற முடிவு எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அப்போது அந்தப் பாகப்பிரிவினை வழக்கில் தீர்ப்பு வந்தது. எங்களுக்குச் சாதகம். என் கட்சிக்காரர், திருமங்கலம் பக்கத்து விவசாயி, தன் குடும்பத்தோடு வந்து கோர்ட் வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். எல்லோருமாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். நான் அன்று உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். சாயங்காலம் குமாஸ்தா அந்தப் போட்டோவை எனக்கு அனுப்பினார். எல்லோரும் ஜெயித்த முகத்தோடு நிற்கிறார்கள். நடுவில் நான் மட்டும் துக்க வீட்டுக்கு வந்தவள் மாதிரி இருந்தேன். வாய் சிரிக்கிறது, கண் சிரிக்கவில்லை.

யாரும் ஒன்றும் கேட்காத நாள் அது. நன்றாக இருந்த நாள். அன்றும் இது வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஒரு வாரம் கழித்தும் தோன்றியது. அடுத்தவர்கள் கேட்பதனால் மட்டும் இல்லை, எனக்கே என் முகம் இப்படி இருப்பது பிடிக்கவில்லை என்று அப்போதுதான் ஒத்துக்கொண்டேன்.

இனி கணவரிடம் சொல்ல வேண்டும். பார்வை என்ற பேச்சை எடுக்க முடியாது. அவர் கடைக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்து பேசினால் சண்டை மாதிரி ஆகிவிடும் என்று பயம். அவர் ஒரு பம்ப் மோட்டாரின் கம்பிச் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“இமை ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு இருக்கேன்.”

“பார்வையில ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாங்கன்னு மாமா சொன்னாரே.”

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“ஆமா. பார்வைக்கு இல்ல.”

“பெறகு?”

“அழகுக்குத்தான்.”

அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பத்தொரு வயதில், வீட்டுக்காரரிடம், கடை வாசலில் நின்றுகொண்டு. அவர் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார்.

“எனக்கு உன் மூஞ்சியில ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே.”

“உங்களுக்காகப் பண்ணல.”

அது கொஞ்சம் கடுமையாக வந்துவிட்டது. அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. “மாமாவுக்கு வயசாயிருச்சு, கண்ணு மறைச்சுச்சு, பண்ணோம். நல்லா இருக்கிற கண்ணுல கை வைக்கிறது எனக்குப் பயமா இருக்கு. மூட முடியாமப் போச்சுன்னா என்ன பண்ணுவ?” என்றார்.

நானும் அதைத்தான் பயந்துகொண்டிருந்தேன். டாக்டரிடம் நான் கேட்டதையும் அவர் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். குறைத்துத்தான் எடுப்பார்கள், கீழே தொடமாட்டார்கள், அப்படியும் சிலருக்குக் கொஞ்ச நாள் மூடுவதில் சிரமம் இருக்கும், அபூர்வமாகத் திரும்பச் சரிசெய்ய வேண்டியும் வரலாம். அவர் மோட்டாரைப் பற்றிக் கேட்பது போல நிதானமாகக் கேட்டார். கடைசியில், “அடுத்த தடவை டாக்டர்கிட்ட நானும் வாரேன். நேர்ல ஒரு தடவை கேட்டுக்கிறேன்” என்றார். வந்தார். கேட்டார். அதற்குமேல் தடுக்கவில்லை.

தடுத்தவள் என் மகள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். போனில் சொன்னேன்.

“எனக்கும் அதே கண்ணுதானம்மா” என்றாள்.

“உன் கண்ணுல என்ன குறை? நல்லாத்தானே இருக்கு.”

“அப்ப உங்க கண்ணுல மட்டும் என்ன குறை?”

எத்தனையோ சாட்சிகளை மடக்கியிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். அவள் பிறந்தபோது தொட்டிலில் எட்டிப் பார்த்த எல்லோரும் தாத்தா கண் என்று சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் அவளைத் தூங்குமூஞ்சி என்று கேலி செய்தபோது, யார் என்ன சொன்னாலும் உன் கண் உன் கண்தான் என்று சொல்லி அனுப்பியவள் நான். அதை அவள் ஞாபகப்படுத்தவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன்.

“எனக்குத் தெரியல. உனக்கு இதை நான் சொல்லமாட்டேன். எனக்கு வேணும்னு தோணுது. ரெண்டும் சேர்ந்து சரியா வரல, அது எனக்கே தெரியுது” என்றேன்.

“யோசிச்சுப் பண்ணுங்க” என்று வைத்துவிட்டாள்.

இன்னும் ஒரு மாதம் யோசித்தேன். மே மாதம் கோர்ட் விடுமுறை. வேலை கெடாது, யாரும் பார்க்கமாட்டார்கள். அந்த வசதியையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. விடுமுறையின் முதல் வாரத்துக்குத் தேதி வாங்கினேன். மகளுக்கு ஒரு வரி அனுப்பினேன். “சரிம்மா” என்று பதில் வந்தது. அதில் கோபம் இருந்ததா என்று எழுத்தைப் பார்த்துத் தெரியவில்லை.

அறுவை அன்று உட்கார வைத்து, பேனாவால் இமையில் கோடு போட்டார்கள். எவ்வளவு எடுப்பது என்பது அந்தக் கோட்டில்தான் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஒரு முறை போட்டுவிட்டு, கண்ணை மூடச் சொல்லி, திறக்கச் சொல்லி, அழித்துவிட்டுக் கொஞ்சம் கீழே போட்டார். ஊசி வலித்தது. பிறகு வலி இல்லை. இழுப்பது தெரிந்தது. முடி கருகிய மாதிரி ஒரு வாடை வந்தது. ரத்தக் கசிவை நிறுத்தச் சூடு வைக்கிறோம் என்றார்கள். நடுவில் எழுப்பி உட்கார வைத்து, “மூடுங்க, திறங்க, மேலே பாருங்க” என்றார்கள். மூட முடிந்தது. அப்போதுதான் நான் மூச்சை ஒழுங்காக விட்டேன்.

அப்பாவைப் பார்த்திருந்ததால் மூன்றாம் நாள் முகம் எனக்குப் பயம் தரவில்லை. அசிங்கமாகத்தான் இருந்தது. கணவர் ஐஸ் ஒத்தடம் கொடுத்தார். கம்பி சுற்றிப் பழகிய கை, மெதுவாகத்தான் வைத்தது. அப்பா போன் செய்து, “இன்னைக்கும் நாளைக்கும்தான்த்தா. குனிஞ்சு எதையும் தூக்காத” என்றார். எதற்காகச் செய்துகொண்டாய் என்று அவர் அன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. ஊரில் கேட்டவர்களிடம் எனக்கும் கண் மறைத்தது என்று சொல்லிவைத்திருக்கிறார். அதைத் திருத்த வேண்டுமா என்று யோசித்து விட்டுவிட்டேன்.

இரண்டாம் வாரம் மகள் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக வந்து என் முகத்தைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“வேற யாராவது மாதிரி ஆயிருவீங்கன்னு பயந்துட்டேன்” என்றாள்.

“ஆயிட்டேனா?”

“இல்ல. ஆனா வலது பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கு.”

அது உண்மை. வலது மடிப்பு இடதைவிட ஒரு நூல் மேலே நிற்கிறது. வீக்கம் போனால் சரியாகும் என்று ஆறு மாதம் பார்த்தேன். பாதி சரியானது. மீதி இருக்கிறது. டாக்டர் அளந்து பார்த்துவிட்டு, இதைத் திருத்தப் போனால் வேறு ஏதாவது கெடலாம், விட்டுவிடலாமா என்று கேட்டார். விட்டுவிட்டேன். மகள் போனில் கேட்ட அந்தக் கேள்வியைப் பற்றி நாங்கள் மறுபடி பேசவில்லை. அவள் இருந்த நான்கு நாளும் கண்ணாடி முன்னால் முன்பைவிட அதிக நேரம் நின்றாளா, அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றியதா என்று தெரியவில்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தல்.

ஜூனில் கோர்ட்டுக்குப் போனேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒருவர் இளைத்துவிட்டீர்களா என்றார். இன்னொருவர் புதுக் கண்ணாடி நல்லா இருக்கு என்றார். கண்ணாடி பழையதுதான். குமாஸ்தா மட்டும் இரண்டு நாள் என் முகத்தையே பார்த்துவிட்டு, “லீவுல நல்லா ரெஸ்ட் எடுத்தீங்க போல மேடம்” என்றார். ஆமாம் என்றேன். “தூங்கலையா” என்ற கேள்வி முற்றிலும் நின்றுவிடவில்லை. கீழ்ப்பை இருக்கிறது, கருவளையம் இருக்கிறது. முன்பு வாரத்துக்கு நான்கு பேர் கேட்டால் இப்போது மாதத்துக்கு ஒருவர் கேட்கிறார். காலையில் முகம் கழுவிவிட்டு நிமிரும்போது எனக்குப் பிடித்திருக்கிறது. இதைத்தான் விரும்பினேன் என்று சொல்லலாம். மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்தால் வலது கண் சீக்கிரம் காய்ந்துபோகிறது. சொட்டு மருந்து எப்போதும் பையில் இருக்கிறது.

போன மாதம் கோர்ட்டில் டைப் அடிக்கும் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், மதியம் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். என் முகத்தை அவள் மட்டும் கண்டுபிடித்திருந்தாள்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. கண்ணுல ஏதாவது பண்ணீங்களா?”

“பண்ணேன். இமைத் தோலை எடுத்தாங்க.”

“பார்வைக்கா?”

“இல்ல. அழகுக்கு.”

இரண்டாம் முறை சொல்லும்போது அந்தச் சொல் அவ்வளவு கடினமாக இல்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். காகிதத் துண்டு, வெளிச்சப் பொட்டு, கோடு போட்டு அழித்தது, மூன்றாம் நாள் முகம், வலது பக்கத்தின் ஒரு நூல், மின்விசிறி. எந்த டாக்டரானாலும் வறட்சி பார்க்காமல் தேதி கொடுத்தால் எழுந்து வந்துவிடு என்றேன். செய்துகொள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் இமை எனக்கு நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் என் கணவரும் என்னைப் பற்றி அதையேதான் சொன்னார்.

அவள் என் வலது கண்ணை ஒருமுறை உற்றுப் பார்த்தாள். “யோசிக்கிறேன்க்கா” என்று சொல்லிவிட்டு, அடித்து முடித்த மனுவை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். மனுவில் மூன்றாம் பக்கத்தில் ஒரு சர்வே எண் தப்பாக இருந்தது. திருத்தி, மறுபடி அடிக்கக் கொடுத்தனுப்பினேன்.